பழைய ஊர்களின் அஸ்திவாரத்திற்குக் கீழே

நெய்வேலியில் வாழும் நமக்கு மண்ணைத் தோண்டுதல் புதிய செய்தியன்று. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பல குடும்பங்களுக்குச் சோறு போட்டதும் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அந்தத் தோண்டுதல்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று நீரோடு வெளிப்பட்டதையும், 1956-இல் நிறுவனம் தொடங்கப்பெற்றதையும், 1957 மே 20 அன்று பிரதமர் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததையும், 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படிவம் முதன்முதலாக வெளிச்சத்தைக் கண்டதையும் நம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நம் பிள்ளைகளும் அறிந்திருக்கின்றனர்.

சுரங்கத்தின் மேல்விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லியதொரு மண்பட்டை. அதன் கீழே செந்நிற மணற்கல், களிமண், மணல் என அடுக்கடுக்காக இறங்கி, ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு அப்பால் நிலக்கரி. அந்தக் கரி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நீரிலும் சேற்றிலும் அழுந்திப்போன காடு. அந்த ஆழத்தில் மனிதனுடைய சுவடு ஏதும் இல்லை. இந்த மண்ணில் மனிதன் வாழ்ந்த காலம் முழுவதும், அவன் உழுததும் வீடு கட்டியதும் இறந்தோரைப் புதைத்ததும், மேலே தெரியும் அந்த மெல்லிய பட்டைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பக்கெட் வீல் இயந்திரம் மேல் பெஞ்சில் சுழன்று வரும்போது அப்பட்டை முழுவதும் முதல் வாரியிலேயே கன்வேயரில் ஏறிப் போய்விடுகின்றது. இதைக் குறையாகக் கூறவில்லை. சுரங்கத்தின் இயல்பு அது. ஆயினும், அந்தப் பட்டையில் என்ன இருந்தது என்று ஒரு முறையேனும் எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஒன்றும் இல்லாத மண் என்று நினைத்துவிடலாகாது. பண்ருட்டி வட்டத்தில், நமக்கு அண்மையிலேயே உள்ள மருங்கூரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினர் தமிழி எழுத்துப் பொறித்த பானைகளைக் கண்டனர். 2024-இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வுக்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் அவ்வூரும் ஒன்று. முந்திரித் தோப்புகளும் பலாவும் நிறைந்த இந்தச் செம்மண் பகுதியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதத் தெரிந்தவர்கள் வாழ்ந்திருக்கின்றனர்.

நமது நகரியமோ திட்டமிட்டுக் கட்டப்பட்டது. நேரான தெருக்கள், எண்ணிட்ட வட்டங்கள். இங்கே கடைக்கால் தோண்டினால் பெரும்பாலும் மண்தான் வரும். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்குச் சொந்த ஊர் வேறு. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், நாகூர், கும்பகோணம் என்று சொந்தங்கள் உள்ள ஊர்களுக்கு விடுமுறை தோறும் சென்று வருகின்றோம். அவ்வூர்களில் கடைக்கால் தோண்டினால் கதையே வேறு. மூன்றடிக்குள் உடைந்த ஓடு, ஐந்தடிக்குள் அகலமான பழைய செங்கல், அதற்கும் கீழே ஒரு கிணற்றின் உறை என்று ஏதேனும் ஒன்று மேஸ்திரியின் கடப்பாரையில் இடறும். அவ்வாறு பழைய ஊர்களின் கட்டடங்களுக்கு அடியில் கிடைத்தவற்றையும், கிடைத்தும் நாம் இழந்தவற்றையும் பற்றி இம்மலரில் சிறிது எழுத எண்ணினோம்.

மண் ஏன் உயர்கின்றது?

மக்கள் தொடர்ந்து வாழும் ஊரில் தரை ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. மண்சுவர் வீடு மழையில் சரிந்தால் அந்த மண்ணை யாரும் ஊருக்கு வெளியே கொண்டு செல்வதில்லை. மேடு பள்ளத்தைச் சமப்படுத்தி அதன்மீதே அடுத்த வீட்டை எழுப்புகின்றனர். அடுப்புச் சாம்பல், உடைந்த சட்டி, ஓட்டுத் துண்டு, வெள்ளம் விட்டுச் சென்ற வண்டல் என்று தலைமுறைக்குத் தலைமுறை தரை ஏறிக்கொண்டே வருகின்றது. பழைய பள்ளிவாசல்கள் சிலவற்றில் தெருவிலிருந்து இரண்டு மூன்று படிகள் இறங்கி உள்ளே செல்வதை நாம் பார்த்திருப்போம். பள்ளி தாழ்ந்து போனதாகச் சிறு வயதில் நினைத்திருக்கின்றோம். உண்மையில் பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கின்றது, தெருதான் உயர்ந்துவிட்டது.

ஆகவே, யாரும் பிற்காலத்தில் பள்ளம் தோண்டிக் குழப்பாத வரையில், கீழே உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது. தொல்லியலார் படிக்கும் புத்தகம் இதுவே. அவர்களும் நம் சுரங்கத்தைப் போலவே அடுக்கடுக்காகத்தான் இறங்குகின்றனர். வேறுபாடு வேகத்தில்தான். நம் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் வாரும் மண்ணைச் சிறு கொத்தும் தூரிகையும் கொண்டு நீக்க அவர்களுக்கு ஆண்டுகள் பல ஆகும். ஒரு காசு கிடைத்தால் காசு முக்கியமன்று. அது எந்த அடுக்கில், எந்தப் பானை ஓட்டின் அருகில் கிடந்தது என்பதே முக்கியம். இடத்தை விட்டுப் பெயர்த்த பொருள், முகவரி கிழிந்த கடிதம் போன்றது. வந்தது தெரியும், யாரிடமிருந்து, எப்போது என்பது தெரியாது.

கும்பகோணம் பேருந்தில் இருந்து தெரியும் ஒரு தலைநகரம்

நெய்வேலியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் செல்லும் பேருந்தில் ஏறியவர்கள் அனைவரும் கங்கைகொண்ட சோழபுரத்தின் விமானத்தைச் சாலையிலிருந்தே பார்த்திருப்பார்கள். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திர சோழன் தஞ்சையை விட்டுத் தனக்கென அமைத்துக்கொண்ட தலைநகரம் அது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராக விளங்கிய அவ்வூரில் இன்று கோயில் மட்டுமே நிமிர்ந்து நிற்கின்றது. கடல் கடந்து படை செலுத்திய அரசனின் மாளிகை எங்கே, கடைவீதி எங்கே, மதில் எங்கே என்று கேட்டால் சுற்றிலும் வயலும் சிற்றூர்களுமே விடையாகக் கிடைக்கும்.

கோயிலுக்குத் தென்மேற்கே சிறிது தொலைவில், உட்கோட்டையை ஒட்டி, மாளிகைமேடு என்று ஓர் இடம் உண்டு. மாளிகை போன பின்னரும் பெயர் போகவில்லை. 1980 தொடங்கி மாநிலத் தொல்லியல் துறையினர் அங்குப் பல முறை அகழ்ந்தனர். 2021 முதல் மீண்டும் பணிகள் நடைபெற்றன. கனமான செங்கற்சுவர்களின் அடித்தளங்கள், தூண்களைத் தாங்கிய கருங்கற்கள், கூரை வேய்ந்த ஓடுகள், அவற்றை அறைந்த இரும்பு ஆணிகள், கண்ணாடி வளையல்கள், சங்கு வளையல்கள், சீன நாட்டு மட்கலங்களின் துண்டுகள் ஆகியன வெளிப்பட்டன. ஒன்றைக் கவனியுங்கள். மாளிகையின் கூரை கல்லன்று, மரமும் ஓடும்தான். ஆணிகள் கிடைத்திராவிட்டால் இதனை இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. பொன்னும் மணியும் தேடுபவன் தூக்கி எறியும் துருப்பிடித்த ஆணிதான் ஓர் அரண்மனையின் கூரையை நமக்குக் காட்டுகின்றது.

சுவர்கள் ஏன் அடித்தளத்தோடு நின்றுவிட்டன? போர்களால் அழிந்தது ஒரு பங்கு. மீதியை அழித்தது பகைவர்கள் அல்லர். சுற்று வட்டாரத்து மக்கள் பல தலைமுறைகளாக அங்கிருந்து செங்கற்களைப் பெயர்த்துத் தத்தம் வீடுகளைக் கட்டிக்கொண்டனர். ஏழை உழவன் ஒருவனுக்குச் சூளை வைக்காமலே கிடைத்த கல் அது. அவனை நாம் எவ்வாறு குறை சொல்ல முடியும்? ஆனால் அரசு செய்ததும் அதுவே. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே, பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில், கீழணை கட்டப்பட்டபோது கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிலின் கற்களும் கோபுரத்தின் கற்களும் பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டன. ஊர் மக்கள் தடுக்க முயன்றனர் என்றும், மாற்றாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லப்பட்ட வாக்கு காப்பாற்றப்படவில்லை என்றும் அந்த நூற்றாண்டின் பதிவே கூறுகின்றது.

அதே கும்பகோணம் பேருந்து, கோயிலைக் கடந்து சிறிது நேரத்தில் அணைக்கரையை அடைகின்றது. அங்கே தேங்கும் கொள்ளிட நீர்தான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகின்றது. வீராணத்தின் கரையில் இருப்பது லால்பேட்டை. ஆக, நம் ஜமாஅத்தில் லால்பேட்டையைச் சேர்ந்த சகோதரர்களின் வயலுக்குப் பாய்ந்த தண்ணீரைத் தடுத்து நிறுத்திய அணையில் ஒரு சோழன் எடுப்பித்த மதிலின் கற்கள் கிடக்கின்றன. வரலாறு நமக்குத் தொலைவில் நடந்ததாக யாரும் எண்ண வேண்டாம். 2004 முதல் அந்த ஏரித் தண்ணீர் சென்னை வரை குழாயில் செல்கின்றது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அம்மதிலுக்குக் கடன்பட்டோர் தொகை இன்னும் பெருகும்.

நாகப்பட்டினத்தின் தெருக்களுக்கு அடியில்

கங்கைகொண்ட சோழபுரம் கைவிடப்பட்ட நகரம். மக்கள் நீங்காமல் வாழ்ந்த நகரத்திற்கு அடியில் என்ன கிடக்கும் என்பதற்கு நாகப்பட்டினம் சான்று. நாகூர் செல்வோர் அனைவரும் கால் வைக்கும் ஊர் அது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய இந்தோனேசியா, மலேசியா பகுதிகளை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் தன் தந்தையின் பெயரால் அங்கே சூளாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கியவன் சைவனாகிய முதலாம் இராசராச சோழன். லெய்டன் செப்பேடுகள் என வழங்கப்பெறும் பட்டயம் இதனைக் கூறுகின்றது.

அங்கிருந்த பௌத்தக் கட்டடங்களுள் ஒன்றான செங்கல் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. சீனக் கோபுரம் என்று அதனை அழைத்தனர். கடலில் வரும் கப்பல்களுக்கு அது கரையடையாளம். 1846-இல் வால்டர் எலியட் என்னும் அதிகாரி அதைப் பார்த்துக் குறிப்பெழுதினார். 1867-இல் அரசின் இசைவோடு அது இடிக்கப்பட்டது. எலியட்டின் குறிப்பு இல்லையேல் அப்படி ஒன்று நின்றதற்கான விரிவான சான்று நமக்குக் கிடைத்திராது.

இடிப்பதற்கு முன்னரே, 1856-இல், அவ்விடத்தில் நின்ற பெரிய இலுப்பை மரம் ஒன்றைப் பெயர்த்தபோது வேருக்கடியில் சிலைகள் சில கிடைத்தன. அது தொடக்கம் மட்டுமே. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில், வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் வேறு எதற்காகவோ தோண்டிய இடங்களிலிருந்து சுமார் 350 செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. யாரோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் ஆபத்தை அஞ்சிப் பத்திரமாகப் புதைத்து வைத்துவிட்டுத் திரும்பி வராமல் போயிருக்கின்றனர். அவர்களுக்குப் பின் அந்தத் தெருக்களில் குடியேறியவர்கள், தங்கள் அடுப்படிக்கு அடியில் என்ன இருக்கின்றது என்பதை அறியாமலே பிறந்து, வாழ்ந்து, இறந்திருக்கின்றனர்.

அச்சிலைகளுள் பல சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. மற்றவை உலகின் பல அருங்காட்சியகங்களுக்குச் சிதறின. அறிஞர் டி.என். இராமச்சந்திரன் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1954-இல் வெளிவந்தது. ஆயினும் ஒரு பெருங்குறை நின்றுவிட்டது. தற்செயலாகக் கிடைத்தவை ஆதலால், எந்த அடுக்கில், எந்தச் சுவரின் அருகில், எவற்றோடு சேர்ந்து கிடந்தன என்பதை அப்போது எவரும் முறையாகக் குறித்து வைக்கவில்லை. சிலைகளை இன்று காணலாம். அவை கிடந்த வீட்டை, அதில் வாழ்ந்த மக்களைக் காண இயலாது. முன்னர் நாம் சொன்ன முகவரி கிழிந்த கடிதங்கள் இவையே.

நம் மனத்தில் உள்ள அச்சம்

இதுவரை படித்த சகோதரர்களில் சிலருக்குச் சற்று நெருடலாக இருந்திருக்கும் என்பதை அறிவோம். கட்டடத்திற்கு அடியில் தோண்டுவது என்ற பேச்சை எடுத்தாலே நம் மக்களின் மனம் ஓரிடத்திற்குத்தான் செல்கின்றது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 2003-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி இந்தியத் தொல்லியல் துறை அயோத்தியில் அகழ்ந்ததையும், 2019 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும் நாம் அனைவரும் அறிவோம். தொல்லியல் முடிவுகளை அடிப்படையாகக் கொண்டு ஒரு நிலத்தின் உரிமையைச் சட்டப்படி தீர்மானிக்க இயலாது என்று அத்தீர்ப்பிலேயே கூறப்பட்டுள்ளது என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. 1947 ஆகஸ்ட் 15 அன்று வழிபாட்டுத் தலங்கள் எந்நிலையில் இருந்தனவோ அந்நிலையே தொடர வேண்டும் எனக் கூறும் 1991-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அது குறித்த வழக்குகளையும் நாளிதழ்களில் படித்து வருகின்றோம்.

இந்த அச்சத்தின் விளைவு என்ன? பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது எழுத்துள்ள கல் ஒன்றோ பழைய தூணின் துண்டோ கிடைத்தால், 'நமக்கு எதற்கு வம்பு' என்று ஓசையின்றி மூடிவிடுகின்றோம். சில ஊர்களில் குளத்தில் போட்டதாகவும் கேள்வி. அந்த எண்ணத்தை நாம் புரிந்துகொள்கின்றோம். ஆனால் அது தவறு என்றே கருதுகின்றோம். ஏனெனில், அவ்வாறு மூடும்போது முதலில் மறைந்து போவது நம்முடைய வரலாறுதான்.

இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தை எண்ணிப் பாருங்கள். இன்று அது அமைதியான கடலோர ஊர். 1980களின் இறுதியில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் அங்கு ஆய்ந்தபோது சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாக வெளிப்பட்டன. பாண்டியர் காலத்துப் பெருந்துறைமுகம் ஒன்று அவ்வூரின் அடியில் இருந்திருக்கின்றது. அதற்கு அண்மையிலுள்ள திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலின் கல்வெட்டு ஒன்றில், பவித்திரமாணிக்கப் பட்டினத்துச் சோனகர் பள்ளிக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் நிலம் இறையிலியாக விட்ட செய்தி காணப்படுகின்றது. அந்தப் பட்டினமே பெரியபட்டினம் என்பது அறிஞர்களின் முடிவு. பள்ளிவாசலுக்கு மானியம் கொடுத்ததற்குச் சாட்சி பெருமாள் கோயில் சுவரில் நிற்கின்றது. பட்டினம் இருந்ததற்குச் சாட்சி மண்ணுக்கடியில் கிடந்த பீங்கான். இவ்விரண்டில் எதை எவர் மறைத்திருந்தாலும் நட்டம் நமக்கே அல்லவா?

ஜித்தாவில் நடந்தது

ஹஜ், உம்ரா சென்று வந்தோர் அனைவருக்கும் ஜித்தா தெரியும். விமான நிலையத்தோடு நின்றுவிடாமல் பழைய நகரமாகிய பலதுக்குச் சென்று வந்தவர்கள், மரச்சாளரங்கள் நிறைந்த உயரமான பழைய வீடுகளைப் பார்த்திருப்பர். ஹிஜ்ரி 26-இல் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் மக்காவின் துறைமுகமாக அவ்வூரை அமைத்தார்கள். பழைய ஜித்தா 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2020 தொடங்கி அங்கு நான்கு இடங்களில் முறையான அகழாய்வு நடைபெற்றது. உஸ்மான் பின் அஃப்பான் பள்ளிவாசல், அஷ்ஷூனா என்னும் இடம், பழைய நகர மதிலின் வடபகுதி, கிழக்கு அகழி ஆகியன அவை. 2024 பிப்ரவரியில் முடிவுகளை அறிவித்தபோது, கிடைத்த துண்டுகளின் எண்ணிக்கை சுமார் 25,000 என்றனர். அவற்றுள் பெரும்பாலானவை பானை ஓடுகளும் விலங்குகளின் எலும்புகளும். வேறு யாராயினும் குப்பை என்று ஒதுக்கியிருப்பார்கள்.

தொழுகை நடந்து வந்த பள்ளிவாசலின் தரைக்கு அடியில், வல்லுநர்களைக் கொண்டு, பொறுப்புள்ளவர்களின் முழு இசைவோடு அகழ்ந்தார்கள் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டிய முதற்செய்தி. அப்பள்ளி பல நூற்றாண்டுகளில் பல முறை திருப்பிக் கட்டப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு முறையும் இட்ட தரை அடுத்ததன் கீழே அடுக்காகக் கிடந்தது.

இரண்டாவது செய்தி நம் கடற்கரையைத் தொடுகின்றது. மிஹ்ராபின் இரு புறமும் நின்ற கருங்காலி மரத் தூண்களின் பகுதிகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தனர். ஹிஜ்ரி முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த மரம் இலங்கைத் தீவில் வளர்ந்தது என்று முடிவு வந்தது. பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்துக்கு இவ்வளவு அண்மையில், செங்கடலின் கரையில் எழுந்த ஒரு பள்ளிக்கு மரம் கொடுத்தது நம் பாக் நீரிணைக்கு அப்பால் உள்ள காடு! அந்த மரத்தை ஏற்றிச் சென்ற மரக்கலம் எந்தத் துறைகளில் தங்கிச் சென்றதோ, அதில் நம் கரையைச் சேர்ந்தோர் இருந்தனரோ, நாம் அறியோம். ஆனால் வெட்டிய மரத்தின் நுண்ணிய நார்களே இத்தனையைச் சொல்லியிருக்கின்றன. பழைய மரம் உளுத்துவிட்டது என்று அடுப்புக்குப் போட்டிருந்தால் இதுவும் இல்லை.

நம் ஊர்ப் பள்ளிகளில்

கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் நம் மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் எத்தனையோ பழைய பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டுப் பெரிதாகக் கட்டப்பட்டுள்ளன. ஜனத்தொகை பெருகியது, வளைகுடா சென்ற பிள்ளைகள் தாராளமாகக் கொடுத்தனர், ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை. புதுப்பித்தது தவறு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நாமும் நன்கொடை அனுப்பியவர்களே. ஆனால் இடிக்கும் நாளன்று ஓர் ஒளிப்படம் எடுத்து வைத்த ஊர் எத்தனை? மையவாடியில் சாய்ந்து கிடந்த பழைய மீஸான் கற்களை ஒளூச் செய்யும் தொட்டிக்குப் படியாகப் போட்ட ஊர்களை நாமே கண்டிருக்கின்றோம். அக்கற்களில் அரபியில் பெயரும் ஆண்டும் இருந்திருக்கும். எழுத்தின் மேல் கால் படலாகாது என்று தலைகீழாகப் போட்டிருந்தனர். அந்தப் பேணுதலை மெச்சத்தான் வேண்டும். ஆனால் படித்துவிட்டுப் போட்டிருக்கலாம்.

செய்ய வேண்டியது பெரிதன்று. பழைய பள்ளியை இடிக்கத் தொடங்குமுன் உள்ளும் புறமும் படம் எடுத்து, நீள அகலத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்வது. கடைக்கால் தோண்டும் நாட்களில் ஜமாஅத்தின் சார்பில் ஒருவர் உடன் நிற்பது. எழுத்துள்ள கல் எது கிடைத்தாலும், கிடந்த இடத்தில் வைத்தே, அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுப்பது. அரபி, பாரசீகக் கல்வெட்டுகளைப் படித்து வெளியிடுவதற்கென்றே இந்தியத் தொல்லியல் துறைக்கு நாக்பூரில் ஒரு கல்வெட்டுப் பிரிவு உண்டு என்பதைப் பலர் அறியார். தமிழ் எழுத்தாயின் மாநிலத் தொல்லியல் துறையினரிடமோ கடலூர் அரசு அருங்காட்சியகத்திலோ காட்டலாம்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய் இன்றும் மாறாமல் சட்டத்தில் நிற்பதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் தெரிவிக்காமல் விடுவது குற்றம். தெரிவித்தால் நிலம் பறிபோகும் என்ற பேச்சுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. அது பொருளைப் பற்றியது. அதன்மேல் நிற்கும் கட்டடத்தைப் பற்றியது அன்று.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி முடிக்கின்றோம். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாரின் சொந்த ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் பழைய பள்ளியை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். ஊரின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வாசற்படிக்கு அடியில் அரபி எழுத்துகள் செதுக்கிய நீண்ட கருங்கல் ஒன்று குப்புறக் கிடந்தது. மேஸ்திரி அதனை இரண்டாக உடைத்தார். ஒரு பாதி மினாராவின் அஸ்திவாரத்தில் சல்லியோடு சேர்ந்தது. மற்றப் பாதி மதில் ஓரத்தில் கிடந்தது. விடுமுறைக்குச் சென்ற நம் சகோதரர் ஒருவர் மண்ணைத் துடைத்துப் படம் எடுத்து வந்தார். நம் பள்ளியின் இமாம் அவர்கள் பூதக்கண்ணாடி வைத்து இஷாவுக்குப் பின் நெடுநேரம் பார்த்தார்கள். பிஸ்மி தெளிவாக இருந்தது. 'இந்தப் பள்ளியைக் கட்டியவர்' என்ற சொற்கள் இருந்தன. அதன்பின் ஒரு பெயரின் முதல் எழுத்துகள். அங்கே கல் உடைந்திருந்தது. கட்டியவரின் முழுப் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் மற்றப் பாதியில் இருந்திருக்க வேண்டும். அதன்மீது இப்போது அறுபதடி உயர மினாரா நிற்கின்றது.